40 வயதுக்கு மேல் கோல்ஃப் பழகுவோருக்கு: எதை முதலில் செய்வது, எதைத் தள்ளிப் போடுவது

வேலையில் கொஞ்சம் மேலே வந்த பிறகு ஒருநாள் அந்த அழைப்பு வரும். “அடுத்த மாசம் கம்பெனி கோல்ஃப் இருக்கு. நீங்களும் பேர் கொடுங்க.” இரண்டு நாள் யோசித்துவிட்டு, “எனக்கு விளையாடத் தெரியாதுங்க” என்று ஒதுங்கிக்கொள்பவர்களே நம்மில் அதிகம். வேறு சிலருக்கு அழைப்பு கிளினிக்கிலிருந்து வருகிறது. இனிப்பு நீர் எட்டிப் பார்க்கிறது, தினமும் நடக்க வேண்டும் என்கிறார் மருத்துவர். பூப்பந்து ஆட முழங்கால் இடம் கொடுக்கவில்லை. பூங்காவைச் சுற்றிச் சுற்றி நடப்பதும் ஒரு மாதத்தில் சலித்துவிடுகிறது.

இரு வகையினருக்கும் தயக்கம் ஒன்றுதான். இந்த வயதில் முதலிலிருந்து கற்பதா? நாலு பேர் பார்க்க மட்டையை வீசி, பந்து இருந்த இடத்திலேயே இருந்தால்?

இருக்கும். முதல் நாள் எல்லாருக்கும் அப்படித்தான் நடக்கிறது. கோல்ஃப் பழகத் தொடங்கிப் பாதியில் விட்டவர்களைக் கேட்டால், பந்து படாததால் விட்டேன் என்று சொல்பவர் குறைவு. முதல் மாதமே முழு செட் மட்டை வாங்கியவர், தூரம் போக வேண்டும் என்று பலமாக அடித்து முதுகைப் பிடித்துக்கொண்டவர், பழகும் முன்பே ஞாயிறு காலை 18 குழி ஆடப் போய் பின்னால் வந்தவர்களிடம் முகச்சுளிப்பு வாங்கியவர் என்று பட்டியல் நீளும். அவர்களுடைய மட்டைப் பை இன்று ஸ்டோர் அறையில் சாய்ந்து நிற்கிறது. இந்த ஆட்டத்தில் நடுவயதுக்காரருக்கு வயதைவிடப் பெரிய தடை, எதை எப்போது செய்வது என்ற வரிசை தெரியாததுதான். அந்த வரிசையை இங்கே பார்ப்போம்.

துரைமார் ஆட்டமா?

மலேசியாவில் கோல்ஃப் வெள்ளைக்காரர் காலத்தில் வேரூன்றிய ஆட்டம். இன்று ரோயல் சிலாங்கூர் கோல்ஃப் கிளப் என அறியப்படும் கிளப் 1893இல் தொடங்கப்பட்டது. தோட்ட நிர்வாகிகளின் கிளப்புகள் சிலவற்றில் சிறிய திடல்கள் இருந்தன. அங்கே நம்மவர்கள் புல் வெட்டினார்கள், வடிகால் தோண்டினார்கள், துரையின் மட்டைப் பையைச் சுமந்து கேடியாக நடந்தார்கள். “அது நமக்கான ஆட்டம் இல்லை” என்ற எண்ணம் பல குடும்பங்களில் அந்தக் காலத்திலிருந்தே தங்கிவிட்டது.

ஆனால், ஆட்டம் அங்கேயே நின்றுவிடவில்லை. எம். ராமையா, பி. குணசேகரன் போன்ற தமிழர்கள் மலேசியாவின் தொழில்முறை ஆட்டக்காரர்களாகப் பெயர் பெற்றார்கள். மலேசியப் பொது விருதுப் போட்டி 1962இல் தொடங்கியது. 1999இல் உலகக் கிண்ண கோல்ஃப் போட்டி, ஈயச் சுரங்கமாக இருந்த நிலத்தில் எழுந்த மைன்ஸ் திடலில் நடந்தது. டைகர் வூட்ஸும் மார்க் ஓமேராவும் அமெரிக்காவுக்காக அதை வென்றார்கள். இன்று பெரும்பாலான ஊர்களில் உறுப்பினர் அல்லாதவரும் கட்டணம் கட்டி ஆடக்கூடிய திடல் ஒன்றாவது பக்கத்தில் இருக்கிறது. கதவு திறந்திருக்கிறது. உள்ளே போகும் முறைதான் தெரிய வேண்டும்.

ஆட்டம் இவ்வளவுதான்

ஒரு முழுத் திடலில் 18 குழிகள் இருக்கும். ஒவ்வொரு குழியும் ‘டீ’ எனப்படும் தொடக்க மேடையில் ஆரம்பித்து, ‘கிரீன்’ எனப்படும் ஒட்ட வெட்டிய புல்தரையில் முடியும். நடுவில் உள்ள வெட்டிய புல்வெளி ‘ஃபேர்வே’. இருபுறமும் உள்ள உயரமான புல் ‘ரஃப்’. மணல் பள்ளம் ‘பங்கர்’. கிரீனில் உள்ள குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர். பந்தின் விட்டம் 42.67 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது, எடை 45.93 கிராமைத் தாண்டக் கூடாது.

நல்ல ஆட்டக்காரர் ஒருவர் ஒரு குழியை எத்தனை அடியில் முடிக்க வேண்டும் என்ற கணக்கு ‘பார்’. குழிகள் பார் 3, பார் 4, பார் 5 என அமையும். 18 குழிக்கும் சேர்த்துப் பெரும்பாலும் 72 வரும். பாரைவிட ஓர் அடி குறைந்தால் ‘பேர்டி’, ஓர் அடி கூடினால் ‘போகி’. புதியவர் முதல் முழு ஆட்டத்தில் 120ஐத் தாண்டுவது வழக்கம். 130 வந்தாலும் வெட்கப்பட ஒன்றுமில்லை.

முதலில் ஆசிரியர், பிறகு மட்டை

கடைக்குப் போகும் முன் டிரைவிங் ரேஞ்சுக்குப் போங்கள். அது மட்டை வீசிப் பழகும் இடம். மாலையில் வேலை முடிந்து போகலாம். ஒரு கூடைப் பந்துக்குக் கட்டணம் கட்டினால் போதும். பல இடங்களில் மட்டையும் வாடகைக்குக் கிடைக்கும்.

அங்கேயே பயிற்றுநர்கள் இருப்பார்கள். சான்றிதழ் பெற்றவரா, உங்கள் வயதில் தொடங்கியவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறாரா என்று கேளுங்கள். மொத்தமாக 20 வகுப்புக்குப் பணம் கட்ட வேண்டாம். முதலில் நான்கு அல்லது ஐந்து வகுப்பு போதும். பிடி, நிற்கும் முறை, பந்து இருக்க வேண்டிய இடம், உடல் திரும்பும் விதம் ஆகிய நான்கும் ஆரம்பத்தில் சரியாக அமைந்துவிட்டால் பின்னால் வரும் தொல்லைகளில் பாதி குறையும். நண்பர்கள் அன்போடு ஆளுக்கொரு திருத்தம் சொல்வார்கள். நன்றி சொல்லிவிட்டு, பயிற்றுநர் சொன்னதையே செய்யுங்கள். மூன்று பேர் சொல்வதை ஒரே நேரத்தில் செய்யப் போனால் கை கால் குழம்பிவிடும்.

இரண்டு மாதம் தொடர்ந்து போய், இன்னும் போக வேண்டும் என்று தோன்றினால் மட்டை வாங்கலாம். விதிப்படி பையில் அதிகபட்சம் 14 மட்டைகள் வைத்துக்கொள்ளலாம். புதியவருக்கு ஏழு போதும்: ஒரு ஹைப்ரிட், 6, 7, 9ஆம் எண் அயர்ன், பிட்சிங் வெட்ஜ், மணலுக்கு ஒரு சாண்ட் வெட்ஜ், கிரீனில் உருட்டுவதற்கான பட்டர். பயன்படுத்திய அரை செட் சில நூறு ரிங்கிட்டிலிருந்து கிடைக்கும். பெயர் பெற்ற நிறுவனத்தின் புதிய செட் சில ஆயிரங்களைத் தொடும். தூரம் போகும் டிரைவரை ஆறு மாதம் கழித்து வாங்கினாலும் நட்டமில்லை.

வாங்கும்போது இரண்டைக் கவனியுங்கள். மட்டைத் தண்டு எஃகிலும் வரும், கிராஃபைட்டிலும் வரும். கிராஃபைட் எடை குறைவு, கைக்கு அதிர்வும் குறைவாகத் தெரியும். முழங்கை, மணிக்கட்டு வலி உள்ளவர்களுக்கு அது நல்லது. அடுத்தது, பிடியில் உள்ள ரப்பர். அது வழவழப்பாகத் தேய்ந்திருந்தால் மட்டை நழுவும் என்று பயந்து இறுக்கிப் பிடிப்பீர்கள், வலி வரும். பிடியை மட்டும் புதிதாக மாற்றிக்கொள்ளலாம். பந்து விஷயத்தில் கஞ்சத்தனம் தவறில்லை. முதல் ஆண்டு பாதிப் பந்து தண்ணீருக்குத்தான் போகும்.

குழியிலிருந்து பின்னோக்கிப் பழகுங்கள்

ரேஞ்சில் எல்லாருடைய கண்ணும் தூரத்தில் இருக்கும். ஆனால் பார் 72 என்ற கணக்கைப் பிரித்துப் பாருங்கள். ஒவ்வொரு கிரீனிலும் இரண்டு உருட்டல் என்று வைத்தே பார் கணக்கிடப்படுகிறது. 18 கிரீனுக்கு 36. அதாவது ஆட்டத்தில் பாதி, பந்தைத் தரையில் உருட்டுவது. அதற்கு வலிமை வேண்டாம், இளமையும் வேண்டாம். 55 வயதுக்காரர் 25 வயதுக்காரரைத் தோற்கடிக்கக்கூடிய இடம் அது.

அதனால் பழக்கத்தைக் குழியிலிருந்து தொடங்குங்கள். முதலில் ஓர் அடி, மூன்று அடி, பத்து அடி தூரத்திலிருந்து உருட்டிப் பழகலாம். வீட்டுக் கூடத்தில் ஒரு டம்ளரைப் படுக்கவைத்தும் செய்யலாம். அடுத்து, கிரீனுக்கு வெளியே சில மீட்டர் தூரத்திலிருந்து பந்தைச் சற்றே எழுப்பி ஓடவிடும் ‘சிப்’. அதன் பிறகு வெட்ஜால் அரை வீச்சு. அடுத்து 7ஆம் எண் அயர்ன். கடைசியில்தான் டிரைவர்.

7ஆம் எண் அயர்னை வீசும்போது புதியவர்களுக்கு இரண்டு தவறுகள் வரும். பந்தைத் தூக்கிவிட வேண்டும் என்று மட்டையை மேலே இழுப்பார்கள். மட்டை பந்தின் தலையில் பட்டு, பந்து தரையோடு ஓடும். மட்டையின் முகம் சாய்வாகவே செய்யப்பட்டிருக்கிறது. கீழே வந்து பந்தைத் தொட்டால் அது தானாக எழும்பும், நீங்கள் தூக்க வேண்டியதில்லை. இன்னொன்று, முழு பலத்தையும் தோளில் போடுவது. வலக்கைக்காரருக்குப் பந்து வலப்பக்கமாக வளைந்து காட்டுக்குள் போக இதுவும் ஒரு காரணம். முக்கால் வீச்சில், ஒரே தாளத்தில் அடித்தால் தூரம் கொஞ்சம் குறையும், திசை நிற்கும். திரும்ப மறுக்கும் நடுவயது உடம்புக்கு முக்கால் வீச்சுதான் பொருத்தம்.

ஒரே நாளில் 200 பந்து அடிப்பதைவிட, வாரம் இரண்டு நாள் 50 பந்து அடிப்பது மேல். ஒவ்வொரு பந்துக்கும் இலக்கு ஒன்றைப் பார்த்து, மூச்சு வாங்கி அடியுங்கள்.

முதுகும் முழங்கையும்

கோல்ஃப் மெதுவான ஆட்டமாகத் தெரியும். ஆனால் வீச்சின்போது உடல் வேகமாக முறுக்கிச் சுழல்கிறது. அந்தச் சுழற்சி இடுப்பு மூட்டிலிருந்தும் மேல் முதுகிலிருந்தும் வர வேண்டும். கீழ் முதுகின் எலும்புகள் அதிகம் திரும்பும்படி அமைந்தவை அல்ல. நாள் முழுவதும் நாற்காலியிலும் காரிலும் உட்கார்ந்திருப்பவருக்கு இடுப்பு இறுகிப் போயிருக்கும். இடுப்பு திரும்பாததைக் கீழ் முதுகு ஈடுகட்டப் பார்க்கும். மறுநாள் காலை குனிந்து செருப்பு போட முடியாது.

இதற்கு மருந்து, மட்டையைத் தொடும் முன் பத்து நிமிடம். ஐந்து நிமிடம் வேகமாக நடங்கள். இடுப்பைச் சுழற்றுங்கள். மட்டையைத் தோளின் குறுக்கே வைத்து இருபுறமும் மெதுவாகத் திரும்புங்கள். தோளையும் மணிக்கட்டையும் உருட்டுங்கள். பிறகு சிறிய மட்டையால் அரை வீச்சில் தொடங்குங்கள். வீட்டிலும் வாரம் மூன்று நாள் இடுப்பையும் தொடையின் பின்தசையையும் நீட்டும் பயிற்சி செய்தால் வீச்சும் கூடும், வலியும் குறையும்.

முழங்கையின் உட்பக்கம் வலித்தால் அதற்கு ‘கோல்ஃபர் முழங்கை’ என்றே பெயர். வெளிப்பக்கம் வலித்தால் ‘டென்னிஸ் முழங்கை’, அதுவும் கோல்ஃப் ஆடுபவர்களுக்கு வரும். இறுக்கிப் பிடிப்பது, ரேஞ்சில் சிமெண்டின் மேல் போட்ட விரிப்பில் ஓங்கி ஓங்கி அடிப்பது ஆகியவை காரணங்கள். வலி வந்தால் ஓய்வு கொடுங்கள். இரண்டு வாரத்தில் குறையாவிட்டால் மருத்துவரைப் பாருங்கள். வலியோடு அடித்துப் பழகுவது வீரமல்ல.

2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. நம் சமூகத்தில் அந்தப் பாதிப்பு கூடுதல் என்பது நாம் அறிந்ததே. நீரிழிவு, இரத்த அழுத்தம், இதயக் கோளாறு உள்ளவர்கள் தொடங்குமுன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். இன்சுலின் அல்லது மாத்திரை எடுப்பவர்களுக்கு நாலு மணி நேர நடையில் சர்க்கரை இறங்கிவிடக்கூடும். பசியாறாமல் போகாதீர்கள். பையில் குளுக்கோஸ் மிட்டாயோ இனிப்புப் பானமோ இருக்கட்டும். புதிய காலணியை நேராகத் திடலுக்குப் போட்டுப் போகாமல் வீட்டில் சில நாள் போட்டுப் பழகுங்கள். ஆடி முடித்த பிறகு பாதத்தில் கொப்புளம் இருக்கிறதா என்று பாருங்கள். நெஞ்சு அடைப்பது போல, தலை சுற்றுவது போல இருந்தால் “இந்தக் குழியை முடிச்சிடுறேன்” என்று நிற்க வேண்டாம். அங்கேயே நிறுத்திவிட்டு உதவி கேளுங்கள்.

பலன் உண்டா என்றால், உண்டு. 18 குழியை நடந்தே ஆடினால் 8 முதல் 10 கிலோமீட்டர் வரும். சுவீடனில் ஏறத்தாழ 3 லட்சம் கோல்ஃப் ஆட்டக்காரர்களை வைத்து 2009இல் வெளியான ஆய்வில், அதே வயது, அதே சமூக நிலையில் உள்ள மற்றவர்களைவிட அவர்களின் மரண விகிதம் 40 விழுக்காடு குறைவாக இருந்தது. கோல்ஃப் மட்டுமே அதற்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆரோக்கியமானவர்கள்தானே ஆட வருகிறார்கள் என்றும் கேட்கலாம். எப்படியும் அந்தப் பலன் நடப்பவருக்குத்தான். முழு ஆட்டத்தையும் பக்கியில் உட்கார்ந்தே ஓட்டிவிட்டு, முடிந்ததும் ரொட்டி சானாயும் தே தாரிக்கும் என்றால் கணக்கு சரியாகிவிடும். நம் நாட்டில் பல திடல்களில் பக்கி கட்டாயம். அங்கேயும் ஒருவர் ஓட்ட, ஒருவர் நடக்க என்று மாற்றிக்கொள்ளலாம்.

வெயிலும் இடியும்

முடிந்தால் காலை முதல் நேரத்தை எடுங்கள். அகலமான தொப்பி, கை நீளச் சட்டை, சன்ஸ்கிரீன், குறைந்தது ஒன்றரை லிட்டர் தண்ணீர் வேண்டும். தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் இரண்டு குழிக்கு ஒருமுறை குடியுங்கள்.

வெயிலைவிட ஆபத்தானது இடி. உலகில் இடி மின்னல் மிகுந்த இடங்களில் கிள்ளான் பள்ளத்தாக்கும் ஒன்று. பிற்பகலில் கருமேகம் திரள்வது நமக்குப் பழகிப்போனதால் அலட்சியமும் வந்துவிடுகிறது. திறந்த வெளியில், கையில் உலோக மட்டையோடு நிற்பவர் மின்னலுக்கு எளிய இலக்கு. அபாயச் சங்கு ஒலித்தால் பந்து குழி ஓரத்தில் இருந்தாலும் விட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும். விதியும் அதையே சொல்கிறது. சங்கு ஒலிக்காவிட்டாலும் இடி கேட்டாலே கிளம்புங்கள். மரத்தடியில் ஒதுங்கக் கூடாது, குடை பிடிக்கக் கூடாது. கிளப் கட்டடம் அல்லது கதவு மூடிய கார்தான் பாதுகாப்பு. நாலு புறமும் திறந்த பக்கி பாதுகாப்பல்ல. கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் பொறுங்கள்.

முதல் முறை திடலில்

முதல் ஆட்டத்தை 9 குழியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வேலை நாள் பிற்பகலைத் தேர்ந்தெடுங்கள். கூட்டமும் குறைவு, கட்டணமும் பெரும்பாலும் குறைவு. இடியை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டம் தெரிந்த, பொறுமையுள்ள ஒருவரோடு போங்கள். அவர் மைத்துனராக இருந்தாலும் சரி, பக்கத்து வீட்டு ஐயாவாக இருந்தாலும் சரி. கழுத்துப்பட்டி வைத்த டி-சட்டை, துணிக் கால்சட்டை, காலணி வேண்டும். ஜீன்ஸ், சிலிப்பர் வேண்டாம். முன் பக்கமாக உள்ள டீயிலிருந்து ஆடுங்கள். அது பெண்களுக்கு மட்டும் என்று யாராவது கேலி செய்தால் சிரித்துவிட்டு விடுங்கள். புதியவருக்கும் மூத்தவருக்கும் அதுவே ஏற்றது.

திடலில் உங்களை மதிப்பார்களா என்பது நீங்கள் எத்தனை அடி அடித்தீர்கள் என்பதில் இல்லை. மற்றவர் ஆட்டத்தைத் தாமதப்படுத்துகிறீர்களா, திடலைக் கெடுக்கிறீர்களா என்பதில் இருக்கிறது. சுமாராக ஆடுபவரைத் திரும்ப அழைப்பார்கள். மெதுவாக ஆடுபவரை அழைக்க மாட்டார்கள். பழக வேண்டிய மரியாதைகள் இவை:

• உங்கள் ‘ஃப்ளைட்’, அதாவது உடன் ஆடும் குழு, முன்னால் போகும் ஃப்ளைட்டோடு இடைவெளி விடாமல் போக வேண்டும். இடைவெளி விழுந்துவிட்டால் பின்னால் வருபவர்களுக்கு வழிவிடுங்கள்.

• உங்கள் முறை வந்ததும் 40 நொடிக்குள் அடிக்க வேண்டும் என்பது விதியின் பரிந்துரை. மற்றவர் அடிக்கும்போதே எந்த மட்டை என்று முடிவு செய்யுங்கள். பயிற்சி வீச்சு ஒன்று போதும்.

• மற்றவர் அடிக்கும்போது அசையவும் பேசவும் கூடாது. அவர் வீச்சுக்கு நேர் பின்னாலோ முன்னாலோ நிற்கவும் கூடாது.

• பந்து யாரையாவது நோக்கிப் போனால் உடனே “ஃபோர்!” என்று உரக்கக் கத்துங்கள். கூச்சப்பட்டால் ஒருவர் மண்டை உடையும்.

• மட்டை பெயர்த்த புல்லின் இடத்தை மணலால் நிரப்புங்கள். கிரீனில் பந்து விழுந்த பள்ளத்தைச் சரிசெய்யுங்கள். பங்கரை விட்டு ஏறும்போது வாரிவிடுங்கள்.

• கிரீனில் மற்றவர் பந்துக்கும் குழிக்கும் நடுவே உள்ள கோட்டை மிதிக்காதீர்கள்.

கேடி இருந்தால் அவரே உங்கள் இரண்டாவது ஆசிரியர். கிரீன் எந்தப் பக்கம் சாய்கிறது, தண்ணீர் எங்கே மறைந்திருக்கிறது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அண்ணன் என்றோ அக்கா என்றோ அழைத்துக் கேளுங்கள். கட்டணத்தைப் பேரம் பேசாமல் கொடுங்கள், தண்ணீர் வாங்கும்போது அவருக்கும் சேர்த்து வாங்குங்கள். ஒரு காலத்தில் அந்தப் பையைச் சுமந்தது நம் வீட்டுப் பெரியவராகவும் இருந்திருக்கலாம்.

இவ்வளவு விதி தெரிந்தால் போதும்

கோல்ஃப் விதிகளை ஆர்&ஏ, யு.எஸ்.ஜி.ஏ. ஆகிய இரு அமைப்புகள் வகுக்கின்றன. 2019இல் அவை எளிமையாக்கப்பட்டன. முழுப் புத்தகத்தையும் படிக்க வேண்டியதில்லை. புதியவருக்குத் தினமும் தேவைப்படுபவை இவை:

• காணாமல் போன பந்தைத் தேட 3 நிமிடம்தான். பந்து தொலைந்தாலோ வெள்ளைக் கம்பங்களுக்கு வெளியே போனாலோ ஓர் அடி தண்டம், முன்பு அடித்த இடத்திலிருந்தே மீண்டும் அடிக்க வேண்டும். தொலைந்திருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால், “மாற்றுப் பந்து அடிக்கிறேன்” என்று அறிவித்துவிட்டு இன்னொன்றை அடித்துவிட்டுப் போங்கள்.

• சிவப்பு அல்லது மஞ்சள் கம்பம் உள்ள தண்ணீர்ப் பகுதியில் விழுந்தால் ஓர் அடி தண்டத்தோடு வெளியே பந்தை விடலாம். முழங்கால் உயரத்திலிருந்து விட வேண்டும்.

• மரவேரிலோ புதரிலோ சிக்கி அடிக்க முடியாவிட்டால் ஓர் அடி தண்டம் ஏற்று இடம் மாற்றலாம். வேரை அடித்து மணிக்கட்டை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

• பங்கரில் அடிக்கும் முன் பந்தின் அருகே மணலை மட்டையால் தொடக் கூடாது.

• நண்பர்கள் ஆட்டத்தில் ஒரு குழியில் பாரின் இரண்டு மடங்கு வந்துவிட்டால் பந்தை எடுத்துவிடுவது வழக்கம். எடுத்துவிடுங்கள். யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள், நன்றிதான் சொல்வார்கள்.

ஹேண்டிகேப்: அப்பாவும் மகனும் சமமாக ஆட

திறமை குறைந்தவருக்குச் சில அடிகளைக் கழித்துக் கொடுத்து இருவரையும் சமமாக நிறுத்தும் கணக்கு ஹேண்டிகேப். அதனால்தான் 52 வயது அப்பாவும் 25 வயது மகனும் இந்த ஆட்டத்தில் உண்மையாகவே போட்டியிட முடிகிறது. 2020இல் நடைமுறைக்கு வந்த உலக ஹேண்டிகேப் முறையில் உச்ச அளவு 54.0. மொத்தம் 54 குழிகளின் கணக்கைக் கொடுத்தால் முதல் ஹேண்டிகேப் கிடைக்கும். அதன் பிறகு கடைசி 20 ஆட்டங்களில் சிறந்த 8 கணக்கில் எடுத்துக்கொள்ளப்படும்.

கம்பெனி போட்டிகளில் ஹேண்டிகேப் இல்லாதவர்களுக்காக ‘சிஸ்டம் 36’ என்ற முறையைப் பயன்படுத்துவார்கள். பார் அல்லது அதற்குக் குறைவாக முடித்த குழிக்கு 2 புள்ளி, போகிக்கு 1, மற்றதற்கு 0. மொத்தப் புள்ளியை 36இலிருந்து கழித்தால் அன்றைய ஹேண்டிகேப் வரும். ஒருவர் 118 அடித்து 4 புள்ளி பெற்றால், 36இல் 4 போக 32. 118இல் 32 போக அவருடைய நிகரக் கணக்கு 86. இதற்குச் சில போட்டிகளில் உச்ச வரம்பு வைப்பதுண்டு.

செலவு, உறுப்பியம், பந்தயம்

முன்பதிவு செய்யும்போது நான்கைச் சேர்த்துக் கேளுங்கள்: கிரீன் கட்டணம், பக்கி, கேடி, காப்புறுதி. விளம்பரத்தில் தெரியும் தொகை பல நேரம் முதலாவது மட்டும்தான். வார இறுதியில் தொகை ஏறும். மூத்த குடிமக்களுக்குச் சலுகை உண்டா என்றும் கேளுங்கள்.

முதல் ஆண்டு கிளப் உறுப்பியம் வாங்க வேண்டாம். மாதம் ஒருமுறை ஆடுபவருக்கு ஒவ்வொரு முறையும் கட்டணம் கட்டுவதே பெரும்பாலும் மலிவு. பின்னால் வாங்குவதானாலும், உறுப்பியத்தை விற்கவோ மாற்றவோ முடியுமா, மாதச் சந்தா எவ்வளவு, கிளப் நிலத்தின் குத்தகை எப்போது முடிகிறது என்பதை எழுத்தில் பாருங்கள். நகரத்தில் நிலத்தின் விலை ஏற ஏற, கோல்ஃப் திடல்கள் வீடமைப்புத் திட்டங்களாக மாறுவது புதிதல்ல.

சில ஃப்ளைட்டுகளில் குழிக்கு இவ்வளவு என்று பந்தயம் வைப்பார்கள். புதியவர் அதில் சேர்ந்தால் ஏமாளி அவர்தான். “இன்னும் பழகிட்டு இருக்கேங்க, நீங்க ஆடுங்க” என்று முதல் டீயிலேயே சொல்லிவிடுங்கள். அதற்கு மேல் வற்புறுத்துகிறவரோடு அடுத்த முறை போக வேண்டாம்.

பணத்தைப் போலவே கணக்குப் பார்க்க வேண்டியது நேரம். 18 குழிக்கு நாலரை மணி நேரம், போக வர ஒன்றரை மணி நேரம், குளித்துச் சாப்பிட ஒரு மணி நேரம். ஞாயிறு போய்விட்டது. மாதத்தில் எத்தனை ஞாயிறு என்று வீட்டில் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். அதைவிட நல்லது, மனைவியையோ கணவரையோ ரேஞ்சுக்கு அழைத்துப் போவது. ஒரு கூடைப் பந்தை இருவர் பகிர்ந்துகொள்ளலாம்.

முதல் ஆண்டின் வரிசை

முதல் இரண்டு மாதம்: வாடகை மட்டை, நான்கைந்து வகுப்பு, வாரம் இரண்டு நாள் 50 பந்து, வீட்டில் உருட்டல்.

மூன்றாம், நான்காம் மாதம்: பயன்படுத்திய அரை செட், சிப் பயிற்சி, முதல் 9 குழி.

ஐந்தாம் மாதம் முதல் எட்டாம் மாதம் வரை: மாதம் இரண்டு முறை 9 குழி. விதிகள் கைக்கு வரும். வேண்டுமானால் டிரைவர்.

அதன் பிறகு: முதல் 18 குழி. ஹேண்டிகேப்புக்குக் கணக்கு கொடுக்கத் தொடங்கலாம்.

இதைவிட மெதுவாகப் போனாலும் தவறில்லை. இடையில் ஒரு மாதம் எதுவுமே சரியாக வராது, மட்டையை விற்றுவிடலாமா என்று தோன்றும். எல்லாருக்கும் தோன்றும். அந்த மாதத்தில் இன்னொரு வகுப்பு எடுங்கள்.

ஆண்டு முடிவில் கம்பெனி கோல்ஃப் அழைப்பு மீண்டும் வரும். அப்போது சொல்ல வேண்டிய பதில் எளிது: “பேர் எழுதிக்குங்க. நான் புதுசுதான். ஆனா ஆட்டத்தைத் தாமதப்படுத்த மாட்டேன்.”